தையலக்கா வீட்டு டாங்கி

அந்த வீட்டு முன்னறையில் போர் நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். யாருக்கும் யாருக்கும் போர் என்று கேட்டால், பெட்டியில் வரும் பொம்மைப் படைகளின் பெயரை அடுக்குபவர்கள் விவரம் தெரியாதவர்கள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பவர்கள்தான் உள்விஷயம் அறிந்தவர்கள்.

எல்லாம் அந்த அறையால் வந்தது. மகளுக்குக் கல்யாணமாகும்வரை அது மகளுடைய அறை. தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல். பொழுது சாயும்வரை விளக்குப் போடாமலே ஊசியில் நூல் கோக்கலாம், அதுவும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல். தையலக்கா அந்த ஜன்னல்மேல் பல வருஷமாகக் கண் வைத்திருந்தாள். மகளை வழியனுப்பிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்து பார்த்தால், அறையில் ஒரு நீள மேஜை கிடந்தது. மேஜைக்குப் பின்னால் புருஷன் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சும்மா ரெண்டு நாளைக்கு" என்றார்.

அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. மகளுக்கே குழந்தை பிறந்து அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

அவரை ஜெனரல் என்றுதான் தெருவில் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. அந்த அளவுக்கு மரியாதை உண்டு. வாழ்க்கையில் குடையைத் தவிர வேறு ஆயுதத்தை அவர் தூக்கியதில்லை. வேலை இன்சூரன்ஸ் ஆபீசில். எங்காவது வண்டி மோதினால் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று சொல்வது. பகலெல்லாம் நசுங்கின வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நல்ல வண்டிகளை நசுக்குவார். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் டாங்கியை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, அப்புறம் அதைப் போர்க்களத்தில் அடிபட்டதாக ஆக்கி, ஒரு பலகைமேல் இடிந்த சுவர், பள்ளம், சாய்ந்த கம்பம் எல்லாம் வைத்து நடுவில் நிறுத்துவார். டயோரமா என்று அதற்குப் பெயர். நல்ல சாமானை எதற்கு உடைக்கிறார் என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை.

தையலக்கா தைப்பது சாப்பாட்டு மேஜையில். ஒவ்வொரு வேளையும் மெஷினைத் தூக்கி இறக்கி, துணியைச் சுருட்டி, நூல்கண்டைத் துரத்திப் பிடித்த பிறகுதான் தட்டு வைக்க முடியும். ஒருமுறை ஜெனரலின் சூப்பில் கோட்டுப் பொத்தான் கிடந்தது. அவர் அதைக் கழுவி, டாங்கிச் சக்கரத்துக்குச் சரியாக இருக்குமா என்று வைத்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அவள் சாமான்கள் காணாமல் போகிற கதை தனி. தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாதி டப்பா டாங்கிக்குப் போனது. துரு நிறத்துமேல் அதை அடித்து, அதன்மேல் பச்சை அடித்து, தண்ணீர் தொட்டுச் சுரண்டினால் வண்ணம் நிஜமாகவே உரிந்த மாதிரி உரியுமாம். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியைப் பொடித்து இடிந்த சுவரின் தூசி ஆக்கினார். கறுப்பு நூல் அறுந்த டெலிபோன் கம்பியானது. நல்ல ஊசி ஒன்றை அடுப்பில் காய்ச்சி டாங்கிக்கு ஓட்டை போட்டார்.

"ஊசி எங்கேங்க?"

"போர்முனையில" என்பார், தலை நிமிராமல்.

கடைசியில் ஒருநாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், கால்சட்டை இடுப்பைத் தளர்த்த வந்தவர், அளவு கொடுத்தபடி நின்றிருந்தார். சாட்சிக்கு ஆள் தயாராக இருந்ததால்தான் அந்த நேரம் பார்த்து ஆரம்பித்தாள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

"என்னங்க, வருஷா வருஷம் உங்க மாடல் சங்கத்துக் கண்காட்சிக்குப் போறீங்க. கலந்துகிட்டதுக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பறாங்க. இந்த வருஷம் கேடயம் வாங்கிட்டு வந்தா அறை உங்களுது. ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். வாங்கலேன்னா மேஜையை மடக்கிக்கிட்டு வெளிய வந்துடணும்."

ஜெனரல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா ஒண்ணு. தூசு தட்டறேன், துடைக்கறேன்னு என் டாங்கிமேல நீ கை வைக்கக் கூடாது."

"சத்தியமா என் விரல்கூடப் படாது."

"போட்டிக்கு வராம நழுவினாலும் தோத்த மாதிரிதான்" என்று மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார். இடுப்பில் டேப் சுற்றியிருக்கும்போதும் அந்த மனுஷருக்கு நியாயம் பேசுகிற ஆசை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

தையலக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கேடயமாவது, இவராவது. அந்த தைரியத்தில் பெரிய கிளினிக் ஒன்று கேட்ட வெள்ளைக் கோட்டு ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டாள். அதுவரை தெருக்காரர்களின் கால்சட்டை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் பெரிய வேலை. துணி வந்து இறங்கியது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், குளியலறைக் கதவுக்குப் பின்னால் என்று வீடெல்லாம் வெள்ளைத் துணி. வெட்டுவதற்கு மட்டும் இடமில்லை. கண்காட்சி முடிந்ததும் அறை வந்துவிடும், அடுத்த நாளே கத்திரியை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கண்காட்சிக்குச் சில நாள் இருக்கையில் டீ கொடுக்கப் போனவள், மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள். டீ டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது.

நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. இடிந்த ஒரு வீதி. பாதி விழுந்த மாடி வீடு, மாடியில் கண்ணாடி இல்லாத ஒரு ஜன்னல். வீதி நடுவில் டாங்கி. முன்தகட்டில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கருகல். பக்கத்துத் தகடுகள் நிஜ இரும்பைப் போலவே மடங்கி நெளிந்திருந்தன. ஒரு பக்கச் சங்கிலி அறுந்து மண்ணில் பாம்பாகக் கிடந்தது. சுற்றிலும் சிப்பாய் பொம்மைகள் விழுந்து கிடந்தன. மேல்கூண்டு சரிந்து, பீரங்கிக்குழாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் எரிந்த வாடை வருமோ என்று அவளே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். எல்லாவற்றின்மேலும் அவளுடைய சாக்குக்கட்டித் தூசி, அவ்வளவு அழகாகப் படிந்திருந்தது.

"எப்படி?" என்றார் ஜெனரல்.

"எங்கே அடிபட்டிருக்கு?" வேறென்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் ஆபீஸ் குரலுக்கு மாறிவிட்டார். "முன்தகடு துளைச்சிருக்கு. உள்ளே தீ. இடது சங்கிலி போச்சு. கூண்டு சரிஞ்சுடுச்சு. டோட்டல் லாஸ். எந்தப் பட்டறைக்காரன் வந்தாலும் இதை ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். ஆபீசில் இந்த டோட்டல் லாஸை அவர் சொன்னால் எதிரில் இருப்பவன் முகம் தொங்கிவிடும். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று அர்த்தம். வீட்டில் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

தையலக்கா வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணி அவளை எட்டிப் பார்த்தது. தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாயிற்று. அவள் வாக்குத் தவறுகிறவள் அல்ல. ஆனால் சத்தியத்தைத் தையல் பிரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து பிரித்துப் பார்த்தாள். தன் விரல் படாது என்றுதான் சொன்னாள். மற்றவர்கள் விரலைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு டப்பாவோடு தம்பி பட்டறைக்குக் கிளம்பினாள்.

தம்பியை எல்லோரும் டிங்கர் என்பார்கள். நசுங்கின வண்டியைத் தட்டி, நிமிர்த்தி, பள்ளத்தை அடைக்கப் புட்டிப் பசை பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவது தொழில். தொழில் என்பதைவிட வியாதி என்று சொல்லலாம். நெளிந்ததைக் கண்டால் அவன் கை சும்மா இராது. இழவு வீட்டில் உட்கார்ந்து வாளியின் ஒடுக்கை எடுத்தவன். ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போய், கட்டிலின் கோணல் காலைத் தட்டி நேராக்கினான்; நோயாளி கட்டில்மேல்தான் இருந்தார். இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்த வண்டியை ஒப்படைக்கும் முன், ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்தில் பேப்பர் ஒன்றை விரித்துவிடுவான். அதை மிதிக்காமல் ஏறுகிற ஆளை அவனுக்குப் பிடிக்காது.

மாமாவுக்கும் அவனுக்கும் ஆகாது. சண்டை என்று எதுவும் இல்லை, எல்லாம் மரியாதையான விரோதம். இவன் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த எத்தனையோ வண்டிகளை அவர் வந்து, குனிந்து பார்த்து, டோட்டல் லாஸ் என்று இரண்டே வார்த்தையில் இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

"என்னடா, இப்படி இளைச்சுட்டே?" என்றாள் தையலக்கா.

டிங்கர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தான். "ஏதோ வேலை ஆகணும்னு தெரியுது. சொல்லுக்கா."

"எனக்கென்ன வேலை? சாப்பாடு கொண்டுவந்தேன். உங்க மாமாதான் ஒரு வண்டியைப் பார்த்துட்டு டோட்டல் லாஸ்னு சொல்லிட்டிருக்கார்."

சுத்தியல் நின்றது. "என்ன வண்டி?"

"பெரிய வண்டிதான். முன்னால ஒரு ஓட்டை. ரெண்டு பக்கத் தகடும் நெளிஞ்சிருக்கு. மேல ஒரு கூண்டு சரிஞ்சிருக்கு."

"அடிச்சட்டம் எப்படி?"

"நேராத்தான் இருக்கற மாதிரி தெரியுது. எனக்கென்னடா தெரியும்?"

"சட்டம் நேரா இருக்குன்னா எப்படிக்கா டோட்டல் லாஸ்? மனுஷன் நாக்குல வேற வார்த்தையே வராதா? வண்டி எங்கே நிக்குது?"

"எங்க வீட்டு முன்னறையில."

டிங்கர் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான். "அந்தப் பொம்மையா! போக்கா."

"பொம்மைதான். நானும் அதான் நினைச்சேன். பொம்மைக்குப் போய், எந்தப் பட்டறைக்காரன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறார்." டப்பாவைத் திறந்து வைத்தாள். "ஆறிடப்போகுது, சாப்பிடு."

அவள் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. வேண்டுமானால் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டிங்கர் சாப்பிட்டான். மென்றுகொண்டே சுவரைப் பார்த்தான். "போட்டிக்கா கொண்டுபோறார்?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை."

"அடிபட்ட வண்டியை யாராவது போட்டிக்குக் கொண்டுபோவாங்களா? ஊர் சிரிக்காது?" கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், அவருக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலை போல" என்றான். குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. தையலக்காவுக்கு அந்த இரக்கம்தான் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் டப்பாவை மூடுவதற்குள் உறுத்தல் சரியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெனரல் கண்காட்சி மண்டபத்தில் தன் மேஜை எங்கே என்று பார்த்துவரக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் டிங்கர் இந்த முனையில் திரும்பினான், கையில் ஒரு சின்னப் பை. "சும்மா பார்த்துட்டுப் போயிடறேன்" என்றான்.

"பாரு, பாரு. எனக்குத் தலைக்குமேல வேலை." தையலக்கா மெஷினைச் சத்தமாக மிதிக்க ஆரம்பித்தாள். எந்தத் துணியும் இல்லாமல் மிதித்தாள் என்று சொல்கிறார்கள்.

அறைக்குள் முதலில் உச்சுக்கொட்டும் சத்தம். பிறகு பையின் ஜிப். பிறகு உப்புத்தாள் தேய்க்கும் சத்தம், சர்ர் சர்ர் என்று. ஒருகட்டத்தில் அவன் எட்டிப் பார்த்து, "அக்கா, தலை காயவைக்கிற மெஷின் இருக்கா?" என்றான். எடுத்துக் கொடுத்தாள். நெளிந்த தகடு சூட்டில் இளகி நிமிர்ந்தது. உப்புத்தாள் சத்தம் மீண்டும் ஆரம்பித்தபோது அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அந்தத் தூசியைப் படியவைக்கப் புருஷன் மூச்சை அடக்கி மெல்ல ஊதியது நினைவுக்கு வந்தது.

"போதும்டா, வா. டீ குடிச்சுட்டுக் கிளம்பு" என்று குரல் கொடுத்தாள்.

"ஒரு பக்கம்தான்க்கா ஆயிருக்கு. பாலிஷ் போட்டுட்டு வந்துடறேன்."

டீ ஆறியது. ஜெனரல் வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றினார். முன்னறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே போனார். தெருவில் ஜன்னலோரம் நின்றவர்கள் ஏதாவது உடையும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் உடையவில்லை.

டாங்கி நிமிர்ந்து நின்றது. கூண்டு நேராகியிருந்தது. சங்கிலி கோத்து மாட்டப்பட்டிருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் சாம்பல்நிறப் புட்டி, கண்ணாடி மாதிரி தேய்த்து. வலது பக்கம் இன்னும் கருகி உரிந்து கிடந்தது. இடது பக்கம் கல்யாணக் கார் மாதிரி மின்னியது. அதில் ஜெனரலின் முகமே தெரிந்தது, கொஞ்சம் நீளமாக.

"எப்படி மாமா?" என்றான் டிங்கர், கையைத் துடைத்தபடி. "சட்டம் நேரா இருந்தது. டோட்டல் லாஸ்னு சொல்லலாமா நீங்க? அந்தப் பக்கத்தையும் முடிச்சுடுவேன், அதுக்குள்ள வந்துட்டீங்க."

ஜெனரல் புட்டியை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி, கதவோரம் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நான் விரல்கூட வைக்கலை" என்றாள் அவள்.

"தெரியுது."

"நானாத்தான் வந்தேன் மாமா" என்றான் டிங்கர், பெருமை பொங்க.

"அதுவும் தெரியுது மச்சான். நீ வீட்டுக்குப் போ."

அவன் போனான். ஜெனரல் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "வாசல்ல வச்சுடு" என்று பதில் வந்தது. தையலக்கா வைத்தாள். நிற்க மனசில்லை, போகவும் மனசில்லை. பாவம் மனுஷன் என்று ஒரு பெருமூச்சு விட்டாள். கதவு எவ்வளவு அகலம், வெட்டுகிற மேஜை உள்ளே நுழையுமா என்று அடுத்த மூச்சில் கண்ணாலேயே அளந்துகொண்டாள்.

காலையில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே அவளுடைய வெள்ளைத் துணித் துண்டு மூடியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் உதட்டோரத்தில் என்னவோ ஒன்று. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தோற்கப் போகிறவன் முகம் அப்படி இருக்காது.

மண்டபத்துக்குத் தெருவில் பாதி வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் தளர்த்தித் தைத்த கால்சட்டையில் வசதியாக நின்றார். டிங்கர் சவரம் செய்து, சட்டை மாற்றி வந்திருந்தான். தையலக்கா கைப்பையில் அளவு டேப்பை வைத்திருந்தாள். திரும்பும் வழியில் மேஜைக்குப் பலகை பார்த்துவிடலாம் என்று.

அந்த வருஷம் சங்கத்தில் துருவுக்குத்தான் மவுசு. எந்த மேஜையைப் பார்த்தாலும் துருப்பிடித்த டாங்கி, துருப்பிடித்த லாரி, மூக்கு உடைந்த விமானம். நடுவர் ஒரு பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகக் குனிந்தார். சிரித்தே பழக்கமில்லாத மனுஷர். "துரு நல்லா இருக்கு" என்பார். அடுத்த மேஜை. "இங்கேயும் துரு நல்லா இருக்கு." நாலைந்து மேஜைக்குப் பிறகு அவருக்கே சலிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் ஒரே கடையில துரு வாங்கினீங்களா?" என்றார்.

ஜெனரல் துணியை விலக்கினார்.

முதலில் மருந்துக்கடைக்காரர்தான் களுக்கென்று சிரித்தார். பிறகு பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாங்கியைச் சுற்றி நேற்றுவரை விழுந்து கிடந்த சிப்பாய் பொம்மைகள் எழுந்து வேறு ஆள்களாகியிருந்தன. டாங்கிக்குப் பக்கத்தில் நீலநிற வேலையுடுப்பில் ஒருவன் குந்தியிருந்தான். பெரிய தொப்பை, கையில் உப்புத்தாள், கால்சட்டை பின்பக்கம் நழுவி, பார்க்கிறவர்களுக்கு அவன் காட்டியது அந்தப் பக்கத்தைத்தான். சற்றுத் தள்ளி ஒருவர் குடையும் கையுமாக, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த முகத்தோடு நின்றார். சுற்றிலும் வீதியே இடிந்து கிடக்க, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பாதி டாங்கி பளபளவென்று மின்னியது.

தையலக்காவுக்குக் காது சூடாகியது. தம்பியை ஊர் நடுவில் இப்படி உட்காரவைத்துவிட்டாரே! கோபத்தோடு மேலே பார்த்தவள், இடிந்த வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே விரல்நுனி உயரத்தில் ஒரு பொம்பளை. கழுத்தில் மஞ்சள் டேப். ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக் கீழே நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தையலக்கா கைப்பையை இறுக மூடினாள்.

நடுவர் வந்தார். குனிந்தார். "போர்க்களத்துல பாலிஷ் போட்டது யாரு?"

"இதோ இவர்" என்று ஜெனரல் குந்தியிருந்த பொம்மையைக் காட்டினார்.

"குடை வச்சிருக்கறவர்?"

"டோட்டல் லாஸ்னு சொன்னவர்."

"மாடி ஜன்னல்ல அந்த அம்மா?"

ஜெனரல் பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை. "போரை ஆரம்பிச்சவங்க சார்."

நடுவரின் மீசை லேசாக அசைந்தது. பூதக்கண்ணாடியை டாங்கியின் மேல்மூடிக்குக் கொண்டுபோனார். ஓட்டுகிறவர் இறங்குகிற அந்த ஓட்டைக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "உள்ளே என்னமோ விரிச்சிருக்கே. பேப்பரா?"

"பேப்பரா?" ஜெனரலுக்கே தெரியாது. கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். உள்ளே, ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில், நகத்தளவுக்கு வெட்டின செய்தித்தாள் துண்டு, ஓரம் பிசகாமல் விரித்திருந்தது. எத்தனை வண்டிகளில் அவர் அந்தப் பேப்பரைப் பார்த்திருப்பார்! அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்தவர் நிமிர முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பின்னே, மிதிச்சா அழுக்காகாதா?" என்றான் பின்னாலிருந்து டிங்கர், நியாயமாக.

அதற்குப் பிறகு நடுவராலும் அடக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி ஆடியது.

டிங்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். குந்தியிருந்த பொம்மையைப் பார்த்தான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்த மண்டபத்தில் இன்று ஒரு நிஜச் சண்டை இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் இரண்டடி பின்வாங்கி, அதே நேரம் நன்றாகத் தெரிகிற இடமாகவும் பார்த்து நின்றார்.

"மாமா!" என்றான் டிங்கர். "நானா? என்னை வச்சு ஒரு பொம்மையா? நாப்பது வண்டி ரிப்பேர் பண்ணாலும் ஒருத்தன் என் பேரைக்கூடக் கேட்கமாட்டான்..." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பின்பக்கம்தான் கொஞ்சம் பெருசாயிடுச்சு."

"இல்லை மச்சான். நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. அளவு சரிதான்."

திட்டுவதற்காகச் செய்த பொம்மைக்காக அவன் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வான் என்று ஜெனரல் எதிர்பார்க்கவில்லை. தட்டிக்கொடுப்பதா விலகுவதா என்று தெரியாமல் மச்சான் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர்கள் அப்படி நின்றதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

கேடயம் அவருக்குத்தான். மற்றவர்களிடம் துரு இருக்கிறது, இவரிடம் கதை இருக்கிறது என்றார் நடுவர். தையலக்கா கைதட்டினாள். தட்டாமல் இருந்தால் மாடி ஜன்னல் பொம்பளையோடு அவளை ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும். கேடயத்தைக் கையில் வாங்கி அவளிடம் கொடுத்தபோது ஜெனரல் மெதுவாக, "உன் உதவி இல்லாம முடிஞ்சிருக்காது" என்றார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அளவு டேப் கைப்பையிலேயே வீடு திரும்பியது.

வாக்கு வாக்குதான். அறையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. கிளினிக்கிலிருந்து கோட்டு எங்கே என்று கேட்டு ஆள் வந்தபோதும், கட்டிலுக்கு அடியில் இருந்த துணியைத் தடவிப் பார்த்து, "ஆயிட்டே இருக்கு" என்றாள். அந்தத் துணிக்குக் கத்திரி எப்படி இருக்கும் என்றுகூட அப்போது தெரியாது.

இதற்கிடையில் டிங்கர் தினமும் வர ஆரம்பித்தான். முதல் நாள் தனக்கு ஒரு ஸ்டூலோடு வந்தான். மறுநாள் ஒரு விளக்கோடு. "மாமா, அந்த விமானத்துக்கு ரெக்கை கோணலா இருக்கே" என்பான். "டேய், கோணல்தான்டா அழகு, தொடாதே" என்பார் அவர். மச்சான் போய் டேய் வந்ததே பெரிய உறவு. ஒருவர் உடைக்க, ஒருவர் ஒட்ட, இரண்டு பேருக்கும் பொழுது போவது தெரியவில்லை. ஒரு ஆளைக் கிளப்பப் போய் இரண்டு ஆளை உட்காரவைத்தாயிற்று. முன்பு ஒரு டீ கொண்டுபோனவள் இப்போது இரண்டு டீ கொண்டுபோனாள்.

இரண்டாவது டீயை வைக்கும்போதுதான் ஒருநாள் அவளுக்கு உறைத்தது. "ஏன்டா, நீ இங்கேயே கிடக்கறியே, பட்டறையில யாரு?"

"பையன்கள் பின்னால வேலை பார்க்கறாங்கக்கா. முன்னால ஆபீஸ் ரூம்ல எனக்கென்ன வேலை? அது சும்மாத்தான் கிடக்கு."

தையலக்கா அந்த ஆபீஸ் ரூமை மனக்கண்ணில் பார்த்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி. மெயின் ரோட்டைப் பார்த்த வாசல். விளக்கே வேண்டாம். மகளின் அறையெல்லாம் அதற்கு முன்னால் பொந்து. இத்தனை வருஷமாக இந்த ஒரு ஜன்னலுக்காக மல்லுக்கு நின்றோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை ஒரு வண்டியைப் பிடித்து மெஷினையும் துணியையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள். சாயங்காலம் தகவல் தெரிந்து டிங்கர் ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீ எங்க வீட்டு டாங்கியைக் கேட்டுட்டா தொட்டே?"

இப்போது மெயின் ரோட்டில் போகிறவர்களுக்குப் பட்டறை வாசலில் வரிசையாகத் தொங்கும் வெள்ளைக் கோட்டுகள் தெரியும். அது கிளினிக் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்தவர்களும் உண்டு. வெட்டுகிற மேஜை நீளமாக, வெயிலில் கிடக்கிறது. அதன்மேல் வேறு எதையும் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

போன வாரம் ஜெனரல் ஆபீஸ் வேலையாக ஒரு நசுங்கின வண்டியைப் பார்க்க அங்கே வந்தார். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்தபோது கால்சட்டைப் பை கம்பியில் மாட்டிக் கிழிந்து தொங்கியது. கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் தையலக்கா. செய்தித்தாள் ஒன்றை எடுத்து அவர் செருப்புக்குக் கீழே விரித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, கிழிசலை இப்படியும் அப்படியும் திருப்பி, மிக நிதானமாகப் பார்வையிட்டாள். பட்டறைப் பையன்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன, தைச்சுடலாமா?" என்றார் ஜெனரல்.

தையலக்கா நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"டோட்டல் லாஸ்."